ஏழு ஆஸ்கார் வாங்கிய பாலத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லையா?

2 மணி 41 நிமிடம் ஓடுகிற படம். 1957-இல் வந்தது. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் என்று ஏழு ஆஸ்கார். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. போர்ப்படம் என்றால் இப்படி எடுக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டேன். கதை நடக்கிற சயாம் ரயில் பாதையைப் போட்ட தமிழன் ஒருவனையும் காணோம். வசனம் பேச வேண்டாம், பெயர் வேண்டாம். தூரத்தில் மண்கூடை சுமந்து போகிற உருவமாகவாவது இருக்கக் கூடாதா? பிணமாகக்கூட இல்லை.

பிணத்துக்கா பஞ்சம்?

அந்தப் பாதை, அன்றைக்குச் சயாம் என்ற தாய்லாந்தின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டது ஜப்பான் ராணுவம். ஜப்பானிடம் சிக்கிய நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். 12,000-க்கு மேல் செத்தார்கள். இது உலகத்துக்குத் தெரியும். பர்மியர், மலாயாத் தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேராவது இருப்பார்கள் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். செத்தவர்கள் 80,000 என்பார் உண்டு, 90,000 என்பார் உண்டு, லட்சம் என்பாரும் உண்டு. வெள்ளைக்காரனுக்குத் தலைக்கணக்கு. எங்களுக்குத் தோராயம். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள்.

அதில் ஒருவர் என் தாத்தா. பேராக்கில் ஒரு தோட்டம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, துரைமார் ஓடிப்போனார்கள், ரப்பரை வாங்க ஆளில்லை. மரவள்ளிக்கிழங்கும் கோணிச்சாக்குத் துணியுமாக லயத்தில் நாள் தள்ளிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினான் ஜப்பான்காரன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் பெயர் எழுதினார், ஆட்களை மேய்க்கும் கங்காணி கூட்டிக்கொண்டு போனார். ஆசைக்கு மசியாதவர்களை லாரியில் அள்ளிப் போட்டார்கள். பட்டணத்தில் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்து, கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தி, ஆண்பிள்ளைகளை அப்படியே ரயிலேற்றினார்கள். போர்க்கால மலாயாவைப் பற்றி எழுதியவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் பாட்டிகள் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். "படங் காட்டுறேன்னு கூப்புட்டானுவ, ஆளையே காட்டல" என்பாள் பாட்டி. படம் பார்க்கப் போன பாவத்துக்கு மரண ரயிலில் ஏறினவர்கள் இருக்கிறார்கள் ஐயா. அவர்களை வைத்து ஒரு படம் எடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

மூடிய கூட்ஸ் பெட்டியில் நாள் கணக்காகப் பயணம். பிறகு காட்டுக்குள் நடை. மூங்கில் கொட்டகை, உப்புச்சப்பில்லாத கஞ்சி, அடை மழை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது போர்க்கைதி முகாம்களில் மருந்து இல்லாவிட்டாலும் டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று அதட்டிச் சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். எங்கள் முகாம்களில் அதுவும் இல்லை. சில இடங்களில் பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் இருந்தார்கள். கைதிகளில் பலர் தங்கள் நாட்குறிப்பிலும் பின்னால் எழுதிய புத்தகங்களிலும் பக்கத்துத் தமிழர் முகாம் கிடந்த கோலத்தை எழுதியிருக்கிறார்கள். கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைப் பிரித்துக் கூலி முகாம்களுக்கு அனுப்பிய கதையும் உண்டு. அவர்கள் கண்ணில் நாங்கள் பட்டோம். கேமராவின் கண்ணில்தான் படவில்லை.

அந்தப் படத்தின் முதல் பாதி எதைப் பற்றி என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கர்னல் நிக்கல்சன் பட்டாளத்தோடு சீட்டியடித்துக்கொண்டு முகாமுக்குள் வருகிறார். அதிகாரிகளும் கைவேலை செய்ய வேண்டும் என்கிறான் முகாம் தலைவன் சாய்ட்டோ. முடியாது, ஜெனிவா ஒப்பந்தத்தில் இப்படி எழுதியிருக்கிறது பார் என்று சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார் நிக்கல்சன். சாய்ட்டோ அந்தப் புத்தகத்தாலேயே அவர் முகத்தில் அறைகிறான். வெயிலில் நிற்க வைக்கிறான், தகரக் கூண்டில் போட்டு வாட்டுகிறான். கர்னல் அசையவில்லை. கடைசியில் ஜெயித்து, தள்ளாடிக்கொண்டு வெளியே வருகிறார். சிப்பாய்கள் ஆரவாரம் செய்கிறார்கள். நமக்கும் கைதட்டத் தோன்றுகிறது. நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸ் பெரிய நடிகர், மறுக்கவில்லை.

ஆனால் யோசியுங்கள். அந்தக் காட்டில் நடந்த அத்தனை கொடுமையிலும் இவர்கள் பொறுக்கி எடுத்த பெரிய தர்மசங்கடம் என்ன? ஓர் ஆங்கிலேய அதிகாரி கையால் மண் வெட்டலாமா கூடாதா என்பது! மண் வெட்டிச் செத்தவனுக்கு எந்த ஒப்பந்தம் இருந்தது? எந்தப் புத்தகத்தை அவன் எடுத்து நீட்டியிருப்பான்? அதிகாரி வெட்டாத மண்ணை வெட்டியது யார் என்ற கேள்வி படத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை.

அடுத்தது ஷியர்ஸ் என்ற பாத்திரம். படத்துக்கு மூலமான நாவலில் அவர் ஆங்கிலேயர். படத்தில் அமெரிக்கர், நடித்தவர் வில்லியம் ஹோல்டன். அமெரிக்காவில் படம் ஓட வேண்டுமே, அமெரிக்க முகம் வேண்டாமா! அந்தப் பாதையில் உண்மையாகவே வேலை செய்த அமெரிக்கக் கைதிகள் கிட்டத்தட்ட 700 பேர். அந்த 700 பேருக்காகக் கதையையே வளைத்து ஒரு கதாநாயகனைக் கொண்டுவர முடிந்திருக்கிறது. 70,000 பேருக்கு ஒரு துணை நடிகரை வைக்க முடியவில்லை. ஜப்பானியன் சாய்ட்டோவாக நடித்த செஸ்ஸூ ஹயகாவாவுக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. அவனுக்கு அழுகை, அவமானம், கோபம் என்று ஒரு மனிதனுக்கு உரிய எல்லாம் கிடைத்தன. சயாம் பெண்கள் நான்கு பேர் வருகிறார்கள். மூட்டை சுமக்கவும் வெள்ளைக்காரனை ஏக்கத்தோடு பார்க்கவும்தான், ஆனாலும் வருகிறார்கள். கேவலமாகக் காட்டியிருந்தால்கூட எங்களைக் கேவலப்படுத்திவிட்டான் என்று கூச்சல் போட ஒரு பிடி இருந்திருக்கும். காட்டவே காட்டாதவனை என்ன சொல்லித் திட்டுவது?

தெரியாமல் விட்டிருப்பார்கள் என்று என் நண்பர்களே சமாதானம் சொல்கிறார்கள். தெரியாதா? நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல் யார்? 1936 முதல் போர் வரும் வரை மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மலாயா ரப்பர் தோட்டம் என்றால் விடியற்காலை பெரட்டுக்கு வரிசையில் நிற்பது யார், பால் வாளி தூக்குவது யார், காய்ச்சலில் லயத்தில் சுருண்டு கிடப்பது யார்? தமிழரைப் பார்க்காமல் அங்கே ஒரு நாள் ஓட்டியிருக்க முடியாது. அவர் 1952-இல் அந்த ரயில் பாதையைப் பற்றி நாவல் எழுத உட்கார்ந்தபோது, கூடவே வேலை பார்த்த அந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டுப் பார்க்கவில்லையா? போனது அதே பாதைக்குத்தான்.

இயக்குநர் டேவிட் லீன் படம் பிடித்த இடத்தைச் சொன்னால் வயிறு எரியும். தாய்லாந்து இல்லை, இலங்கை. கித்துள்கலையில் களனி ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டி, நிஜ ரயிலை ஓட்டி, 1957 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகிற சாலையில் இருக்கிறது கித்துள்கலை. அந்தச் சாலையில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் தேயிலைத் தோட்டங்கள். லயம், கங்காணி, துரை, பெரட்டு, எல்லாம் எங்கள் பேராக் தோட்டத்தில் இருந்ததே. 1948-இல் குடியுரிமைச் சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கிய மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் அங்கேதான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மலாயாத் தோட்டத் தமிழனைக் கதையிலிருந்து தூக்கிவிட்ட படத்தை, இலங்கைத் தோட்டத் தமிழன் பிழைத்த மலையடிவாரத்தில் வைத்து எடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் கூலிக்கு நூறு பேரைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்களே. கூப்பிட்டால் போகிறவர்கள்தானே நாங்கள்?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. போர்ப்படத்தில் தங்களைக் காட்டவில்லை என்று முதலில் குதித்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான். 1945-இல் எர்ரல் ஃப்ளின் நடித்த 'அப்ஜெக்டிவ், பர்மா!' என்ற அமெரிக்கப் படம் லண்டனுக்கு வந்தது. பர்மாவை ஏதோ அமெரிக்கர்களே மீட்டது போலக் காட்டிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் பொங்கின, பட்டாளத்துக்காரர்கள் பொங்கினார்கள். ஒரே வாரத்தில் படத்தைத் திரையரங்கிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. 1952 வரை மறுபடி காட்டவில்லை. நியாயமான கோபம்தான். ஆனால் பர்மாவில் போரிட்ட பதினான்காம் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள், மெட்ராஸ் சாப்பர்ஸ் உட்பட. அந்தக் கோபத்தில் அவர்களுக்காக எவ்வளவு பங்கு இருந்தது என்று யாராவது சொல்லட்டும். தங்களை மறைத்தால் வலிக்கும் என்று தெரிந்த அதே நாட்டின் இயக்குநர்தான் 12 ஆண்டு கழித்து எங்களை மறைத்தார்.

குவாய் படத்தால் புண்பட்ட மற்றவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. நிஜமாகவே பாலம் கட்டிய தாமர்க்கான் முகாமில் கைதிகளுக்குத் தலைவராக இருந்த ஃபிலிப் டூசி எதிரிக்கு விசுவாசமாகப் பாலம் கட்டிய ஆள் இல்லை, கரையான் பிடித்து வந்து மரத்தில் விட்டவர்கள் அவர் ஆட்கள், எங்கள் தலைவரை அவதூறு செய்துவிட்டார்கள் என்று உயிர் பிழைத்து வந்த கைதிகள் போராடினார்கள். டூசியைப் பற்றிப் புத்தகம் வந்தது, உலகம் திருத்திக்கொண்டது. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவர்கள் பெயரையே போடவில்லை. திரைக்கதையில் ஒரு வரிகூட எழுதாத நாவலாசிரியர் பூலுக்கு ஆஸ்கார் கொடுத்தார்கள். 1980-களில் அந்தத் தப்பையும் சரிசெய்து, செத்துப்போன இருவருக்கும் விருதைச் சேர்த்தார்கள். டூசிக்கு நியாயம் கிடைத்தது, எழுத்தாளர்களுக்கு நியாயம் கிடைத்தது. நல்லது. எங்கள் மனு எந்த மேஜையில் கிடக்கிறது?

"சினிமாதானேம்மா, கற்பனைக் கதை" என்று ஒரு பேராசிரியர் எனக்குப் புத்தி சொன்னார். அந்தக் கற்பனைக் கதையைப் பார்த்துவிட்டு வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக வந்து "குவாய் ஆறு எங்கே?" என்று கேட்க, நிஜப் பாலத்தின் கீழே ஓடிய ஆற்றின் பெயரையே 1960-இல் மாற்றி வைத்தது தாய்லாந்து. அதுவரை அது மேக்லாங் ஆறு. ஆற்றின் பெயரை மாற்றுகிற பலம் ஒரு சினிமாவுக்கு இருந்தால், 70,000 பேரை மறக்கடிக்கிற பலம் இருக்காதா?

அந்தப் பாலம் இருக்கிற காஞ்சனபுரிக்குப் போய்ப் பாருங்கள். பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கிற கூட்டம், பனியன் விற்கிற கடைகள். ஊருக்கு நடுவில் போர்க்கல்லறை. கத்தரித்த புல், ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு பலகை. பெயர், படைப்பிரிவு, வயது, சிலவற்றில் தாயோ மனைவியோ எழுதி அனுப்பிய ஒரு வரி. கிட்டத்தட்ட 7,000 பேர் அங்கே படுத்திருக்கிறார்கள். இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அந்தத் தாய்மாரின் வரிகளைப் படித்து நானும் அழுதேன். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கல்லறையில் ஆசியத் தொழிலாளிக்கு இடமில்லை, அவன் படைவீரன் இல்லையாம். அவன் எங்கே இருக்கிறான் என்றால், 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. அங்கே இருக்கிறான். தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கிறான். காட்டு ஓடையில் இருக்கிறான். என் தாத்தா எந்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் என்று எனக்குத் தெரியாது. செத்த நாள் தெரியாததால் பாட்டி திவசம் கொடுக்கவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று கேட்டுச் சொல்லவும் அவளுக்கு ஆளில்லை. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு லயம் முழுக்கப் பெண்கள் இருந்தார்கள்.

பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு நினைவுத் தூண் நிற்கிறது. 1944-இல் ஜப்பான் ராணுவம் எழுப்பியது. செத்தவர்களுக்காம். அதில் பல மொழிகளில் பலகைகள். ஒன்று தமிழ். கொன்றவனே எங்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறான். ஜனநாயகத்தையும் நீதியையும் காப்பாற்றப் போரிட்டதாகச் சொல்கிறவர்கள் எடுத்த படத்தில் எங்கள் பேச்சுக் குரல்கூடக் கேட்கவில்லை. எவனை நான் எந்தப் பக்கத்தில் வைப்பது?

பிறகு வந்தவர்களாவது திருந்தினார்களா? 2013-இல் வந்த 'தி ரெயில்வே மேன்' சயாம் பாதையைப் பற்றியதுதான். அதுவும் ஒரு பிரிட்டிஷ் கைதியின் கதை. 2017-இல் 'டன்கர்க்' வந்தது. அந்தக் கடற்கரையில் கோவேறு கழுதைகளோடு இந்தியப் படைப்பிரிவுகள் நின்றன, படத்தில் இல்லை. '1917' படத்தில் ஒரே ஒரு சீக்கியச் சிப்பாயைக் காட்டினார்கள், வலிந்து திணிக்கிறார்கள் என்று ஓர் ஆங்கில நடிகர் வாயை விட்டார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஒரு டர்பனுக்கே இந்தப் பாடு.

வெளியாரை மட்டும் சொல்லி என்ன? மலேசியாவில் எங்கள் எழுத்தாளர்கள் கடமையைச் செய்தார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இரண்டும் படமாகக் காத்துக்கிடக்கிற நாவல்கள். கோடம்பாக்கம் பாட்டுக்கு ஆட கோலாலம்பூருக்கு வருகிறது, இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் கதாநாயகனை நிறுத்தி எடுத்துக்கொண்டு போகிறது. பினாங்குக் கடற்கரையில் சண்டைக் காட்சி எடுக்கிறது. கொஞ்சம் வடக்கே போனால் பாட்டன் முப்பாட்டன் எலும்பு கிடக்கிறதே, அதை ஒரு முழுநீளப் படமாக எடுக்க இத்தனை ஆண்டுகளில் ஒரு பெரிய தயாரிப்பாளருக்குக்கூடவா மனம் வரவில்லை? டேவிட் லீனைக் கேட்கிற கேள்வியை உங்களிடம் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தாய்லாந்துத் தமிழர்களும் மலேசியத் தமிழர்களும் அலைந்து திரிந்து காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நட்டார்கள். அந்தச் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனை பேர் கண்ணில் பட்டதோ.

அந்தப் படத்தைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. கேட்பது சின்ன விஷயம். பழைய படங்களுக்கு முன்னால் இப்போதெல்லாம் அறிவிப்புப் போடுகிறார்கள், இந்தக் காலத்துக்குப் பொருந்தாத சித்திரிப்பு இருக்கிறது என்று. இந்தப் படத்தை வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் 1989-லிருந்து ஜப்பானின் சோனி கையில் இருக்கிறது. படம் தொடங்குவதற்கு முன் இரண்டு வரி போடட்டும்: இந்த ரயில் பாதையில் வேலை செய்து செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர்கள், அவர்கள் இந்தப் படத்தில் இல்லை. பத்து விநாடி போதும்.

நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சயாம் போய்த் திரும்பியவர்களில் இன்று அநேகமாக எவரும் உயிரோடு இல்லை. அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகளுக்கே எழுபது, எண்பது வயதாகிவிட்டது. உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் ஒருவர் இருந்தால், அவர் பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், யார் கூட்டிக்கொண்டு போனது, தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று பெரியவர்களிடம் கேட்டு இந்த வாரமே எழுதி வையுங்கள். ஒரு பிரதியை ஊர்ச் சங்கத்திலும் கொடுங்கள். நாளைக்கு எவராவது உண்மையாகவே படம் எடுக்க வந்தால், பெயர் தெரியவில்லை என்ற சாக்கை நாம் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. என் தாத்தா பெயரை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுங்கள்.